உளவியல் கட்டடத்தைப் பெருக்கினவள் எழுதுவது

1

உத்திரமேரூரில் நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். தலைமை ஆசிரியை அம்மா எழுதியிருந்தார்: "தாங்கள் இங்கிலாந்தில் உளவியல் துறையில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்ததாக அறிந்தோம். உளவியல் ஓர் அறிவியலாகத் தோன்றிய வரலாறு பற்றியும் அதன் முக்கியக் கிளைகள் பற்றியும் மாணவர்களுக்குப் புரியும்படி ஒரு கட்டுரை அனுப்பி உதவவும்."

யார் இவருக்குச் சொன்னார்களோ. பணிபுரிந்தது உண்மைதான். துடைப்பம், வாளி, தரை துடைக்கிற மாப்பு, இதுதான் பணி. அந்த அம்மா என்னைப் பேராசிரியை என்று நினைத்துக்கொண்டிருப்பார் போல. இல்லை என்று எழுத வெட்கம். பதில் போடாமல் இருக்க அதைவிட வெட்கம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். காகிதம் என்றால் கொஞ்சம் தேவலை, அது முகத்தைப் பார்க்காது.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. இந்த உளவியலை நான் வேலைக்குப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. அதற்கு முன்னாலேயே அது என் மகளைத் தேடிக்கொண்டு வந்தது. அதை விட்டுவிட்டுத் தோற்றம், கிளை என்று எழுதினால் பொய் எழுதின மாதிரி இருக்கும்.

2

எங்க வூட்டுக்காரர் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சமையல்காரர். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊருக்குத் திரும்பின பிறகு, இங்கே இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊரில், ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அவருக்கு வேலை பார்த்துக் கொடுத்தார். அறுபதுகளின் நடுவில் எங்க வூட்டுக்காரர் மட்டும் முன்னால் வந்துவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நானும் மகள் ரோஸியும் வந்தோம்.

அந்த ஒன்றரை வருஷம் நாங்கள் உத்திரமேரூரில் என் நைனா வீட்டில் இருந்தோம். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்போம். எங்களுக்கு ஒரு காணி நிலம் கிடையாது. ஊரில் விளைகிற நெல்லை எல்லாம் நைனா கை அளக்கும், ஆனால் ஒரு படிகூட எங்களுடையது இல்லை. நெல் மண்டியில் அவர்தான் அளவுக்காரர்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியுமோ தெரியாதோ, சொல்லிவிடுகிறேன். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டார்கள். முதல் மரக்காலுக்கு, அதுதான் அளக்கிற பாத்திரம், "லாபம்" என்று பேர். அதை அள்ளிச் சாக்கில் கொட்டி அடுத்ததை எடுக்கிற வரைக்கும் "லாபம் லாபம் லாபம்" என்று இழுத்துக்கொண்டே இருக்கணும். பிறகு "ரெண்டே ரெண்டே ரெண்டே", "மூணே மூணே மூணே". வாய் நின்றால் கணக்குத் தப்பும், நெல்லுக்காரரும் வியாபாரியும் அடித்துக்கொள்வார்கள்.

ரோஸிக்கு அப்போது ஆறு வயசு. மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே பாடுவாள். அவளுக்கு எண்ணிக்கை வந்ததே அங்கேதான். நைனா வேண்டுமென்றே ஒரு எண்ணைத் தாண்டுவார்.

"இன்னா தாத்தா, பதினாறு எங்க? எலி துன்னுட்ச்சா?" என்பாள்.

மண்டியே சிரிக்கும். வியாபாரி, "யோவ், ஒன் பேத்திய வச்சிக்கினு ஒரு மரக்கால் திருட முடியாதுய்யா" என்பார்.

அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்து பள்ளியில் சேர்த்து நாலு மாசம் ஆனபோது ஒரு கடுதாசி வந்தது. எங்க வூட்டுக்காரர் படித்துச் சொன்னார். "ரோஸிய ஒருத்தர் வந்து டெஸ்ட் பண்ணப் போறாராம். அம்மா கூட இருக்கணுமாம்."

"நீயே போயேன்."

"எனக்கு டூட்டி கீது. நீ சும்மா உக்காந்துகினு இரு, அது போதும்."

சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்தது.

பள்ளியில் நர்ஸ் இருக்கிற சின்ன அறை. வந்தவர் கெட்டவர் இல்லை. டை கட்டிக்கொண்டு, தலை வழித்து வாரி, ரோஸிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். படங்கள் காட்டினார், கட்டைகளை அடுக்கச் சொன்னார். அடுக்கினாள். கேள்வி கேட்டபோது மட்டும் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் அம்மா கண் காட்டாமல் பிள்ளை வாய் திறக்கக்கூடாது என்று வளர்த்தவள் நான்தானே. கண் காட்டியிருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு டப்பாவிலிருந்து மர மணிகளை மேஜைமேல் கொட்டி, எண்ணச் சொன்னார். குவியலைப் பார்த்ததும் ரோஸிக்கு முகம் மலர்ந்தது. ஒரு மணியை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள்.

"லாபம் லாபம் லாபம்."

அடுத்தது. "டூவே டூவே டூவே."

அடுத்தது. "த்ரீயே த்ரீயே த்ரீயே."

உடம்பை ஆட்டி ஆட்டி, அப்படியே நைனா மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் புடவையால் மூடிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. நாலாவது மணியில் கையை நீட்டி நிறுத்திவிட்டார். என்னமோ எழுதினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இவள் எப்போதும் இப்படித்தான் செய்வாளா என்று கேட்டார்.

எப்போதும் இப்படித்தான் செய்வாள். அது உண்மை. எனக்குத் தெரிந்த இங்கிலீசும் அவ்வளவுதான்.

"யெஸ் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எங்க வூட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அட இன்னாமே நீ! எங்க ஊர்ல இப்டித்தான் எண்ணுவாங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

"இங்கிலீசுல எப்டி சொல்றது?"

அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் நான் பள்ளி வாசல் வரைக்கும் போனேன். கேட்டில் நின்றவர் "என்னம்மா வேண்டும்" என்றார். "நத்திங்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வந்த ஆத்திரத்தை ரோஸிமேல் காட்டினேன். மொச்சைக் கொட்டையைத் தட்டில் கொட்டி எண்ணச் சொன்னேன். "லாபம்" என்று ஆரம்பித்தாள்.

"ஒன்னுன்னு சொல்லு."

"தாத்தா திட்டுவாரு."

"தாத்தா இங்க இல்ல. சொல்லுடி."

புறங்கையில் அடித்தேன். ஒரு அடி இல்லை. "ஒன்" என்று சொல்கிற வரைக்கும் அடித்தேன். அதற்குப் பிறகு லாபம் என்ற சொல் எங்கள் வீட்டில் வரவேயில்லை.

மூணு வாரம் கழித்துப் பழுப்புக் கவர் வந்தது. மந்தமான பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவளை ஏற்றிக்கொண்டு போக ஒரு சின்ன வேன் வரும். தெருப் பிள்ளைகள் அந்த வேனைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட்டுக்காட்டும். ஒன்பது வருஷம் ரோஸி அதில் போனாள். கூடை பின்னவும் பிரஷ் கட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பதினாறு முடிந்ததும் பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போனாள்.

3

அந்தப் பழுப்புக் கவரில், டெஸ்ட் பண்ண வந்தவர் பெயருக்குக் கீழே ஒரு நீளமான சொல் இருந்தது. படிக்க வராவிட்டாலும் அதன் உருவம் எனக்கு மனப்பாடம். ரெண்டு வருஷம் கழித்து ஒரு நாள், எங்கள் ஊர்க் கல்லூரி வழியாகப் போகும்போது, வால் மட்டும் மாறி, அதே சொல்லை ஒரு கட்டடத்தின் பலகையில் பார்த்தேன். பக்கத்திலேயே துடைப்பம் படம் போட்டு, துப்புரவு வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு அட்டை. உள்ளே போனேன். பேச வேண்டியிருக்கவில்லை, கையெழுத்து மட்டும் கேட்டார்கள். இங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடவேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

இப்போது கிளைகளைச் சொல்கிறேன். எனக்கு அவை குப்பையை வைத்துத்தான் தெரியும்.

கீழ்த்தளத்தில் மரத்தூளும் எலிப்புழுக்கையும். அது கற்றல் பற்றிய கிளை. எலி எந்த வழியில் போனால் தீனி கிடைக்கும் என்று எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். முதல் மாடியில் கறுப்புக் காகிதத் துண்டும் எரிந்துபோன பல்பும். கண் எப்படிப் பார்க்கிறது, காது எப்படிக் கேட்கிறது என்பவர்கள். அதற்கடுத்த அறையில் பிஸ்கட் தூளும் உடைந்த கலர் சாக்பீசும். குழந்தை வளர வளர அதன் புத்தி எப்படி வளர்கிறது என்கிற கிளை. மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் அறையில் சிகரெட் சாம்பல், நனைந்து கசங்கிய காகிதக் கைக்குட்டை. அங்கே வந்து அழுவார்கள் போலிருக்கிறது. ஃபேக்டரியில் ஆட்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்று பார்க்கிற கிளை ஒன்று. கூட்டத்தில் சேர்ந்தால் மனுஷன் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறான் என்று பார்க்கிற கிளை ஒன்று, அங்கே கழுவாத டீக் கோப்பைகள்தான் அதிகம். கடைசி அறையில் பென்சில் சீவலும் ரப்பர் தூளும். அதுதான் அறிவை அளக்கிற கிளை. அந்த அறையை மட்டும் நான் தினமும் கடைசியில்தான் பெருக்குவேன்.

தோற்றத்தைச் சொன்னவள் பெட்டி என்று ஒருத்தி. எலிகளுக்குத் தீனி போடுகிற வெள்ளைக்காரி, என் வயசுதான். "இந்தக் கட்டடத்துல அறிவியல் இல்லாதவங்க நீயும் நானும்தான். எலிகூட அறிவியல்தான்" என்பாள். டீ நேரத்தில் எனக்காகச் சின்னச் சின்னச் சொல்லாகப் பேசுவாள். எனக்கு இங்கிலீசு வந்ததே அவளால்தான்.

மனசு என்றால் என்ன, ஆன்மா என்றால் என்ன என்று தத்துவம் பேசினவர்கள் ஆதியிலிருந்தே இருந்தார்களாம். ஆனால் யாரும் அளந்து பார்க்கவில்லை. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒருவர் ஆட்களின் கையில் எடைக்கற்களை வைத்து, எவ்வளவு கூட்டினால் வித்தியாசம் தெரிகிறது என்று பார்த்தாராம். இதைக் கேட்டபோது எனக்கு நைனா ஞாபகம். மரக்காலில் ஒரு பிடி குறைந்தாலும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். பிறகு அதே ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் வைத்தார். மணி அடித்தால் எத்தனை நொடியில் கை அசைகிறது, அப்போது உள்ளே என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதினார். உளவியல் அறிவியலாகப் பிறந்தது அன்றுதான் என்று சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் இழுத்தார்கள். அமெரிக்காவில் மனசு எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள் என்றார்கள். வியன்னாவில் ஒரு டாக்டர், நமக்கே தெரியாத மனசு ஒன்று அடியில் இருக்கிறது, கனவைக் கேட்டால் தெரியும் என்றார். ருஷ்யாவில் ஒருவர் மணி அடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்ட சிலர், மனசு என்ற பேச்சே வேண்டாம், நடத்தையை மட்டும் பாருங்கள் என்றார்கள். பெட்டியின் எலிகள் அவர்கள் வகையறா. முழுசைப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது என்று ஜெர்மனியில் வேறு சிலர் சொன்னார்கள். சுவிட்சர்லாந்தில் ஒருவர், குட்டைக் கோப்பைத் தண்ணீரை நெட்டைக் கோப்பையில் ஊற்றிக் காட்டினால் சின்னப் பிள்ளைகள் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்வதைக் கண்டுபிடித்தார். மண்டியில் வளர்ந்த பிள்ளையை அவர் கேட்டாரா என்று பெட்டியிடம் கேட்டேன். 

ஒரு நாள் அந்தக் கடைசி அறையைப் பற்றிக் கேட்டேன். "அதுவா, பாரிஸ்ல ஆரம்பிச்சது" என்றாள். பள்ளியில் பாடம் வராத பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதற்காக, அரசாங்கம் கேட்டு, ஒருவர் செய்த பரீட்சையாம். இந்தப் பிள்ளைக்கு அறிவு இவ்வளவுதான் என்று முத்திரை குத்த அல்ல என்று அவரே எச்சரித்தாராம்.

நான் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டேன். பெட்டி பின்னாலேயே வந்தாள். "என்ன ஆச்சு உனக்கு?" அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் கேட்கிறவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். ரோஸி இன்னும் அந்த வேனில் போய்க்கொண்டுதான் இருந்தாள். "தலைவலி" என்றேன்.

இத்தனை கிளை இருக்கிறது. நான் வாய் திறக்காததற்கு எந்தக் கிளையில் பெயர் வைத்திருக்கிறார்களோ.

4

தலைமை ஆசிரியை அம்மாவின் கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ரோஸியிடம் போனில் சொன்னேன். அவள் ரெண்டு ஊர் தள்ளி இருக்கிறாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆகிவிட்டாள். அவள் அப்பா காலமான பிறகு வாரத்துக்கு ஒரு போன், பத்து நிமிஷம். தமிழ் அவளுக்குத் தேய்ந்துபோய்விட்டது, மண்டியில் பேசின தமிழில் ஒரு பிடி மட்டும் அப்படியே நிற்கிறது.

"சைக்காலஜி பத்தி நீ எழுதப் போறியா?" என்று சிரித்தாள். "நானும் கொஞ்சம் தரேன், எழுதிக்கோ. ஸ்கூல்லாம் நடத்துற டவுன் கவுன்சில்ல பழைய ஃபைல்லாம் கேட்டா தர்றாங்க. என்னுத வாங்கினேன். மூணு மாசம் ஆச்சு."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"சொல்லி இன்னா பண்றது? கேளு, படிக்கிறேன்."

இங்கிலீசில் படித்தாள். குழந்தைக்கு எண்ணத் தெரியவில்லை. அர்த்தமில்லாத ஒரு ஒலியில் தொடங்கி, சொற்களையே திருப்பித் திருப்பிச் சொல்லி உடம்பை ஆட்டுகிறது. எப்போதும் இப்படித்தான் என்று தாயார் உறுதி செய்தார்.

"அம்மா, நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"இன்னா சத்தம் அது? லா... லாபும்னு எழுதிகிறான். நான் இன்னா ஒளறினேன்?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. அடித்து அழித்தவள் நான். அறுபது வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். மண்டி, மரக்கால், நைனா, லாபம், மொச்சைக் கொட்டை எல்லாம். 

"நீ தெரிஞ்சுகினே யெஸ் சொன்னியா?"

"எனக்குப் பேச வரலடி."

"எனக்கு எண்ண வராதுன்னு நான் ஒவ்வொரு பாக்கெட்டையும் ரெண்டு வாட்டி எண்ணினேன், தெரியுமா? நாப்பது வருஷம். பொண்ணுங்க சிரிப்பாங்க." போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூணாவது வாரம் ஒரு புதன்கிழமை, நலம் விசாரிக்காமல் ஆரம்பித்தாள். "அம்மா, ஃபைல திருத்தச் சொல்லி லெட்டர் போட்டேன். திருத்த முடியாதாம். அன்னிக்கு நடந்தத எழுதினதாம் அது. ஆனா அங்க இருந்தவங்க யாராவது உயிரோட இருந்தா, அவங்க வந்து சொன்னா பின்னாடி சேத்துக்குவாங்களாம். நீ வரணும். உன் வாயால சொல்லணும்."

"எழுதிக் குடுத்தா போதாதா?"

"போதாது" என்றாள். அது கவுன்சில் சொன்னதா அவள் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

5

போனோம். முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் நைனா பெயர், ரோஸிக்கு அவள் அப்பா பெயர். ரெண்டு பேரும் அம்மா பெண் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். அவளுடைய ஞானஸ்நானச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ரெண்டாவது தடவை போனோம். அன்று ஆள் இல்லை. மூணாவது தடவைதான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். பேரன் வயசிருக்கும்.

வழியில் பஸ்ஸில் ரோஸி எனக்கு முன் ஸீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லச் சொல்ல அவளே இங்கிலீசில் எழுதிய காகிதம் என் மடியில் இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இளைஞர் தலை நிமிராமல், "மொத்தம் எத்தனை பக்கம்?" என்று கேட்டார்.

ரோஸி காகிதங்களைக் கவுண்டரில் வைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் போட்டாள்.

"லாபம் லாபம் லாபம். டூவே டூவே டூவே. த்ரீ."

சத்தமாகத்தான் சொன்னாள். வரிசையில் நின்ற ரெண்டு மூணு பேர் திரும்பினார்கள். கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது.

அந்த இளைஞர் நிமிர்ந்தார். சிரிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. "மன்னிக்கணும், முதலாவதாக என்ன சொன்னீங்க? அது என்ன சொல்?" என்று கேட்டார்.

இவ்வளவுதான். இதைக் கேட்க ஆய்வுக்கூடம் வேண்டாம், எலி வேண்டாம், மர மணி வேண்டாம். அன்று அந்த அறையில் இந்த ஒரு கேள்வி வந்திருந்தால்கூட நான் "யெஸ் சார்" என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ரோஸி என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா."

கண்ணாடியில் ஒரு சின்ன வட்ட ஓட்டை இருந்தது. அதற்கு நேராக வாயை வைத்தால்தான் உள்ளே கேட்கும். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினால் கேட்காது. நான் முகத்தை நிமிர்த்தி, கிட்டே போய், எனக்கு வருகிற இங்கிலீசில், மரக்காலிலிருந்து ஆரம்பித்தேன்.